புள்ளி விழும் இடம்

தேனி மாவட்டத்தில் கைத்தட்டச்சு இயந்திரங்கள் இன்னும் பழுதுபார்க்கப்படுவதற்குக் காரணம் ஓர் அரசுத் தேர்வு. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தட்டச்சுத் தேர்வை நடத்திவருகிறது. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். இளநிலை, முதுநிலை என்பதெல்லாம் சான்றிதழில்தான். கம்பத்திலும் போடியிலும் அது 'லோயர்', 'ஹையர்'. பிளஸ் டூ முடித்த பெண் மாலையில் டைப் கிளாசுக்குப் போகிறாள் என்றால் குரூப் 4 தட்டச்சர் பணி மனத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவருக்கு அந்தப் பணியில் முன்னுரிமை உண்டு. கணினி அலுவலகப் பயிற்சிக்கென்று இதே இயக்ககம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுக்கு உட்காரவும் தட்டச்சில் லோயர் தேறியிருக்க வேண்டும். கணினிக்குப் போகிற வழி இரும்பு இயந்திரத்தின் ஊடாகப் போகிறது.

மேலை நாடுகளில் பழைய தட்டச்சு இயந்திரத்தைச் சீரமைப்பது சேகரிப்போரின் பொழுதுபோக்கு. ஒலிவெட்டியையும் ஹெர்மஸையும் வாங்கி, வண்ணம் பூசி, மேசை அழகுக்கு வைக்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வரிசையாக வரும் ஊர்களின் டைப் கிளாஸ் மாடி அறைகளில் இருக்கிற இயந்திரங்கள் மேல்தகடு உரிந்து, விசையின் எழுத்து தேய்ந்து, பார்வைக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எழுத்து நேராக விழ வேண்டும், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் தாவக் கூடாது; கேட்பது இவ்வளவுதான். விசையின் எழுத்து தேய்வது ஒரு குறையே அல்ல. பார்க்காமல் அடிக்கத்தானே பயிற்சி?

தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் பழுதைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து மலாயாவுக்குப் போய் வேலை பார்த்து, தமிழ் இயந்திரத்தை வடிவமைத்த ஆர். முத்தையா முன்னே நின்ற சிக்கல் எளிதில் சொல்லிவிடக்கூடியது: தமிழில் 247 எழுத்து, இயந்திரத்திலோ நாற்பத்துச் சொச்சம் விசை. ஷிப்டை அழுத்தினால் விசைக்கு இரண்டு எழுத்து; அப்போதும் தொண்ணூறைத் தாண்டாது. எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து, வேண்டிய இடத்தில் சேர்த்து அடிக்கும் முறையை அவர் வகுத்தார். கால், கொம்பு போன்றவை தனித்து நிற்பவை. அவற்றுக்குத் தனி இடம் போதும். புள்ளி அப்படியல்ல, எழுத்தின் தலைமேல் உட்கார வேண்டியது. அதற்காக வந்ததுதான் நகரா விசை. அதை அடித்தால் குறி தாளில் விழும், கேரேஜ் மட்டும் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே வந்து விழும். ஆகவே 'க்' அடிப்பவர் முதலில் புள்ளியை அடிக்கிறார், பிறகு ககரத்தை. கையால் எழுதும் வரிசைக்கு நேர் எதிர். முத்தையாவின் விசைப்பலகையோடு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் 'பிஜோ' என்ற கையடக்க இயந்திரத்தைச் செய்து கொடுத்தது.

1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, கோப்புகள் மெல்ல மெல்லத் தமிழுக்கு மாறத் தொடங்கியபின் இயந்திரத்தின் தேவை பெருகியது. கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் உள்நாட்டிலேயே தட்டச்சு இயந்திரம் செய்ய ஆரம்பித்திருந்தது. ரெமிங்டன் ராண்ட் இந்தியாவில் தயாரித்தது. ஸ்வீடன் நுட்பத்தில் ஹால்டா, ஃபேசிட் இயந்திரங்கள் சென்னையில் தயாராயின. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் ஓடுகிறவை பெரும்பாலும் இந்தப் பெயர்களைத் தாங்கியவையே. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் விடைபெற்றன. மற்ற எழுத்துகளைப் போல இவற்றையும் காலும் கொம்பும் ஐகாரக் குறியும் சேர்த்தே அடிக்கலாம் என்றானது. அந்தச் சீர்திருத்தத்தை மொழியரசியலாகவே பேசுகிறோம். இரும்பு வார்ப்புக்கும் அது ஆதாயம் என்பதைப் பேசுவோர் குறைவு.

கோத்ரெஜ் 2010-ஐ ஒட்டித் தட்டச்சு இயந்திர உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2011 ஏப்ரலில் 'உலகின் கடைசித் தட்டச்சு ஆலை மூடல்' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. செய்தி கொஞ்சம் மிகைதான். ஆனால் தமிழ்நாட்டின் டைப் இன்ஸ்டிட்யூட்டுகளுக்கு அது மிகையே அல்ல. புது இயந்திரம் வராது, புது உதிரிபாகமும் வராது, தேர்வு மட்டும் வந்துகொண்டே இருக்கும். பழுதுபார்ப்பு ஓர் உபதொழிலாக இருந்த நிலை மாறி, இன்ஸ்டிட்யூட் நடப்பதும் நிற்பதும் அதைப் பொறுத்ததாக ஆனது அந்த ஆண்டுகளில்தான்.

பள்ளத்தாக்கின் தட்பவெப்பம் இயந்திரத்துக்கு நண்பன் அல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாக இறங்கித் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் சமவெளியில் விரிகிறது. கண்டமனூரை ஒட்டிக் காற்றாலைகளை நிறுத்தியிருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆடியில் சன்னலைச் சாத்தினாலும் மேசைமேல் மெல்லிய புழுதிப் படலம் படியும். ஆகஸ்ட் தேர்வுக்கான கடும் பயிற்சி நடப்பதும் அதே வாரங்களில். தென்மேற்கே கூடலூர், கம்பம் போனால் புழுதி குறைவு, ஈரம் அதிகம். முல்லைப் பெரியாற்று வாய்க்கால், நெல் வயல், திராட்சைத் தோட்டம், மலையிலிருந்து இறங்கும் சாரல் எல்லாம் சேர்ந்து இரும்பைத் துருவேற்றும், ரிப்பனை ஈரப்படுத்தும். ஆக, தேனிப் பக்கத்து இயந்திரம் புழுதியால் சிக்கும். கம்பத்துப் பக்கத்து இயந்திரம் துருவால் சிக்கும்.

மூன்றாவது எதிரி பயணம். தேர்வு மையம் பெரும்பாலும் வேறோர் ஊரில், ஏதாவதொரு கல்லூரியில் இருக்கும். இயந்திரங்களை இன்ஸ்டிட்யூட்காரர்களும் மாணவர்களுமே கொண்டுபோக வேண்டும். பதினைந்து கிலோவுக்குக் குறையாத இரும்பைக் குட்டியானையில் அடுக்கி, வேகத்தடைகளில் ஏற்றி இறக்கி, மாடிப்படியில் தூக்கி வைக்கும்போது, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கேரேஜ் தண்டவாளம் ஒரு நூல் விலகிப்போகும். அனுபவப்பட்ட மெக்கானிக் கேரேஜைக் கயிற்றால் கட்டி, நடுவில் நிறுத்தி, இருபுறமும் துணி திணித்துத்தான் வண்டியில் ஏற்றச் சொல்வார்.

பழுதுபார்ப்பில் முதல் வேலை கழுவுதல். எழுத்தைத் தாங்கி அடிக்கும் டைப்பார்கள் அனைத்தும் அரைவட்டமான ஒரு பல்தகட்டில் செருகியிருக்கும். ஒவ்வொரு பிளவும் ஒரு டைப்பாருக்கு. அடித்த எழுத்து திரும்பி விழாமல் நடுவானில் நிற்கிறது என்றால் பழுது அநேகமாக அந்தப் பிளவில்தான். வீட்டில் வைத்திருப்பவர் செய்யும் முதல் காரியம் அங்கே தையல் மெஷின் எண்ணெயை விடுவது. ஒரு வாரம் வெண்ணெய்போல ஓடும். அப்புறம் எண்ணெய் புழுதியை இழுத்துப் பசையாகி, பத்து டைப்பார் சேர்ந்து சிக்கும். முறையான வழி, பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைத்து, பெட்ரோல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, உலரவிடுவது. அதற்குப் பிறகு அங்கே ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது. எண்ணெய் தேவைப்படுவது கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்கு; அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கும் அளவுக்குத்தான்.

எழுத்துக்கட்டைகளைச் சுத்தம்செய்வதில் தமிழ் இயந்திரம் ஆங்கிலத்தைவிட வேலை வாங்கும். ஆங்கிலத்தில் அடைபடுவது 'ஓ', 'இ', 'ஏ' போன்ற சில சிறிய எழுத்துகளின் வயிறு. தமிழிலோ ண, ன, ற, ஞ, ழ என்று சுழிகள் மலிந்த எழுத்துகள் ஏராளம். ரிப்பன் மையும் பருத்தித் தூசும் சேர்ந்து ணகரத்தின் சுழிகளில் கல்லாக இறுகிவிட்டால் தாளில் கறுப்புப் பொட்டுதான் விழும். குண்டூசி முனையால் ஒவ்வொரு சுழியாகத் தோண்டியெடுக்க வேண்டும். ஊசி வழுக்கினால் எழுத்தின் விளிம்பு கீறிப்போகும். அந்தக் கீறல் பிறகு அடிக்கும் ஒவ்வொரு தாளிலும் தெரியும்.

அடுத்தது இயந்திரத்தின் உயிர்நிலையான எஸ்கேப்மென்ட். கேரேஜை எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது டப்பிக்குள் சுருண்ட ஒரு ஸ்பிரிங். இரண்டையும் இணைப்பது ஒரு நாடா. கேரேஜ் ஒரேயடியாக ஓடிவிடாமல் பிடித்திருப்பவை ஒரு பல்சக்கரமும் இரண்டு கொக்கிகளும். விசையை அடித்தால் டைப்பாரின் அடிப்பகுதி ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளும், சட்டம் கொக்கிகளை அசைக்கும், பல்சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும். இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா, நடுவில் இடம் விட்டுத் தாவுகிறதா என்பதை வைத்தே பழுது எங்கே என்று மெக்கானிக் ஊகித்துவிடுவார். வரியின் தொடக்கத்தில் சரியாக அடித்து, முடிவு நெருங்கும்போது எழுத்துகள் நெருக்கியடித்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கேரேஜ் இடக்கோடிக்குப் போகும்போதுதான் ஸ்பிரிங்கின் இழுவிசை மிகக் குறைவு. வரி முழுக்க எங்கெங்கோ தாவினால் கொக்கி தேய்ந்திருக்கலாம், அல்லது பல்லில் அழுக்கு. நாடா அறுந்தால் புதியது கிடைக்காது. நைலான் கயிறோ தூண்டில் நரம்போ அந்த இடத்தில் வேலை செய்கிறது. ஸ்பிரிங்கைச் சுற்றும்போது கை நழுவினால் டப்பி சுழன்று விரலைக் கிழிக்கும். தொழில் பழகியவர்களின் பெருவிரலில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

நகரா விசையின் இயக்கம் இங்கேதான் விளங்கும். பெரும்பாலான இயந்திரங்களில் அது தனிப் பொறி எதுவும் அல்ல. புள்ளியின் டைப்பாரில், பொதுச் சட்டத்தைத் தொட வேண்டிய முனை வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அவ்வளவுதான். தொடாததால் சட்டம் அசையாது, சட்டம் அசையாததால் கேரேஜ் நகராது. தமிழின் புள்ளிச் சிக்கலை ஓர் அரத்தின் வேலையால் தீர்த்திருக்கிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. புள்ளியின் டைப்பார் உடைந்தால் காயலான் கடை ஆங்கில இயந்திரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அப்படியே மாட்ட முடியாது. மாட்டினால் புள்ளி தனியே ஓரிடத்தில் விழும், எழுத்து பக்கத்தில் விழும். முனையை அராவித்தான் மாட்ட வேண்டும். அளவு தெரியாமல் அராவினால் புள்ளி பாதி நகரும். அது முழுதாக நகர்வதைவிட மோசம்.

தமிழ் இயந்திரத்தில் மிகுதியாக உழைப்பதும் புள்ளிதான். இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த முதல் நாள் அடிக்கும் பாடம் 'யளனகபக'. இடக்கையின் நான்கு விரலும் நடுவரிசையில் உட்காரும். வலக்கையில் தகரம், மகரம், டகரம். அதையும் தாண்டி, சுண்டுவிரலுக்கு வந்து சேர்வது புள்ளி. ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி வாக்கியத்துக்கு ஒன்று. தமிழில் மெய்யெழுத்து வருமிடமெல்லாம் புள்ளி. ஒரே சொல்லில் மூன்று வருவது சாதாரணம். இவ்வளவு வேலையும் கையில் மிக நலிந்த விரலுக்கு. கூர்மையான சிறு முனை ஒரே பலத்தில் ஆயிரக்கணக்கான முறை மோதுவதால் தாள் துளைபடும், ரிப்பன் பொத்தலாகும், நாளடைவில் ரப்பர் உருளையில் வரிசையாகக் குழி விழும். உருளையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அந்த இன்ஸ்டிட்யூட்டில் மாணவர் எந்த மார்ஜினில் அடித்துப் பழகினார்கள் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

நேர்ப்படுத்துவது கடைசி வேலை, கடினமானதும் அதுவே. ஷிப்டை அழுத்தும்போது எழுத்துக்கூடையோ கேரேஜோ ஏறி இறங்கும். மேல் எழுத்தும் கீழ் எழுத்தும் ஒரே கோட்டில் நிற்கும்படி அந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு திருகுகளால் அமைக்க வேண்டும். ஆங்கில இயந்திரத்தில் சிறிய 'என்'னையும் பெரிய 'ஹெச்'சையும் மாறி மாறி ஒரு வரி அடித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தமிழில் இதற்கு இன்னொரு சோதனையும் சேர்கிறது: புள்ளி வைத்த எழுத்துகளை வரி நெடுக அடித்துப் பார்ப்பது. புள்ளி எழுத்தின் நடுமேலே நிற்கிறதா, இடத்தோளில் தொங்குகிறதா, எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதா? எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் ஒதுக்குவதால் ணகரம் நெருங்கி நிற்கும், ரகரம் தளர்ந்து நிற்கும். இரண்டுக்கும் பொருந்தும் ஓர் இடத்தில் புள்ளியை விழவைக்க வேண்டும். மெக்கானிக் கையிலுள்ள குறட்டால் டைப்பாரை மயிரிழை வளைக்கிறார், அடித்துப் பார்க்கிறார், மறுபடி வளைக்கிறார். இதற்கு அளவுகோல் கிடையாது. தேர்வுத் தாளில் புள்ளி தவறினால் பழி இயந்திரத்துக்குப் போகாது, மாணவருக்குத்தான் போகும். நேர்ப்படுத்தலில் அவசரப்படும் மெக்கானிக்கை எந்த இன்ஸ்டிட்யூட்டும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

உருளை கெட்டிப்பட்டால் ஓசை கூடும், எழுத்து அதிரும். புது ரப்பர் போட்டுக் கடைசல் பிடிப்பதற்கு வெளியூர் அனுப்ப வேண்டும், செலவும் உண்டு. அதுவரை தாளுக்கு அடியில் இன்னொரு தாளைச் சேர்த்துச் செருகுவதே எல்லோரும் கையாளும் சமாளிப்பு. ரிப்பன் மட்டும் இன்னும் கடையில் கிடைக்கிறது. மற்றதெல்லாம் கழற்றல்தான்: ஓடாத மூன்று இயந்திரத்திலிருந்து ஓடுகிற ஒன்று. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் ஏலத்தில் தள்ளிய இயந்திரங்களில் சில, காயலான் கடைக்குப் போகும் வழியில் மெக்கானிக்குகளின் பட்டறைக்குத் திரும்புகின்றன. எடைக்கு விற்பவருக்கு அது இரும்பு. வாங்குபவரின் கண் போவதோ பல்சக்கரம், கொக்கி, தமிழ் எழுத்துக்கட்டை ஆகிய மூன்றின் மேல்.

தட்டச்சு இயந்திரத்தின் வாரிசுக்கும் பழுதுபார்ப்பு உண்டு. பத்திர எழுத்தர் கடை, டிடிபி மையம், வங்கி, ரயில் முன்பதிவு முகப்பு என்று எங்கும் பார்த்திருக்கக்கூடிய கனமான கணினி விசைப்பலகை ஒன்று உண்டு. சென்னையின் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் விற்கும் 'டிவிஎஸ் கோல்ட்' அது. மற்ற மலிவுப் பலகைகளில் விசைகளுக்கு அடியில் இருப்பது ஒரு ரப்பர் தாள். இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச், ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீலநிற சுவிட்ச். அழுத்தும்போது 'டிக்'கென்று ஒலிக்கும். இன்ஸ்டிட்யூட்டில் பழகிய விரலுக்கு அந்த ஒலியும் எதிர்ப்பும் தேவைப்படுகின்றன. ரப்பர் பலகையில் அடித்த எழுத்து பதிந்ததா என்ற ஐயம் வரும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற எளிய விசைமுறை தரப்படுத்தப்பட்ட பிறகும், கிராமத்துப் பத்திரத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் அடிக்கும் விரல்கள் பெரும்பாலும் தட்டச்சு முறையிலேயே ஓடுகின்றன. யளனக-வில் தொடங்கிய கை அதை விட மறுக்கிறது.

இந்தப் பலகையின் பொதுவான நோய் இரட்டை எழுத்து: ஒருமுறை அழுத்தினால் இருமுறை விழும். சுவிட்சுக்குள் இருக்கும் தொடுதகட்டில் தூசோ ஆக்ஸைடு படலமோ படிந்ததன் விளைவு. ஆல்கஹால் விட்டு நூறுமுறை அழுத்தினால் சிலசமயம் சரியாகும். ஆகாவிட்டால் பற்றாசை உருக்கி அந்தச் சுவிட்சையே எடுத்துவிட்டு, யாரும் தொடாத 'ஸ்க்ரோல் லாக்' விசையின் சுவிட்சை அங்கே வைத்துப் பற்றவைப்பது வழக்கமான வைத்தியம். சுவிட்சுக்கு இரண்டு பற்றுமுனைதான், வேலை கால் மணி நேரம். மூன்று இயந்திரத்திலிருந்து ஒன்று என்ற அதே கணக்கு இங்கே ஒரு பலகைக்குள்ளேயே நடக்கிறது. வெளிநாடுகளில் ஐபிஎம் நிறுவனத்தின் 1985-ஆம் ஆண்டு 'மாடல் எம்' பலகையைச் சீரமைப்போர், உள்ளே உடைந்த பிளாஸ்டிக் ஆணிகளைச் சீவிவிட்டுச் சின்னஞ்சிறு போல்ட்டுகளைப் பூட்டுகிறார்கள். அவர்களுக்கு அது பெருமைக்குரிய கைவேலை. பத்திர எழுத்தர் கடையில் இதே உழைப்பு 'போர்டு ரிப்பேர்' என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது.

தட்டச்சுத் தேர்வையும் கணினிக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. மாறினால் நியாயமே. அலுவலகங்களில் இல்லாத இயந்திரத்தில் அலுவலக வேலைக்கான தேர்வை வைப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வலுவான காரணம் இல்லை. ஆனால் மாறும் நாளோடு இந்தப் பழுதுபார்ப்பு அறிவும் நின்றுபோகும். புள்ளியின் முனையை எவ்வளவு அராவ வேண்டும் என்பது மெக்கானிக்கின் கையில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. தேனி மாவட்டத்திலேயே, போடியில், அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஓர் இயந்திரத்தை முழுக்கக் கழற்றிப் பூட்டும் வேலையை மெக்கானிக் ஒருவரை அழைத்துப் படம் பிடித்து, பாகங்களை அளந்து வரைந்து வைப்பது மாணவர் சிலருக்கு ஒரு பருவத்துச் செயல்திட்டம்தான்.

வீட்டுப் பரணில் பழைய தமிழ் இயந்திரம் கிடந்தால் அதில் எண்ணெய் விடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். பக்கத்து ஊர் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிவையுங்கள். ஓடாத இயந்திரமாக இருந்தாலும் அதன் புள்ளி டைப்பார் ஒன்றுக்காகவே வந்து எடுத்துப்போவார்கள்.